கல்லிலும் திரையிலும் நாய்: கோவிவன் முதல் கருப்பி வரை

பொதிகையில் தோன்றி நெல்லைச் சீமையை வளப்படுத்திவரும் தாமிரபரணி, புன்னக்காயல் என்னும் கடற்கரை ஊரின் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல் பின்வாங்கியது. அதனால் சங்க காலத்துக் கொற்கை தன் துறைமுகச் சிறப்பை இழந்தது. பின்னர்க் காயலும், அதன்பின் புன்னக்காயலும் துறைமுகங்களாகச் செழித்தன. பாண்டியரின் முத்து, அரபு நாட்டுக் குதிரை, போர்ச்சுக்கீசியரின் கப்பல் என இம்முகத்துவாரம் கண்டவை பல. தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியான அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து பணிபுரிந்த கடற்கரையும் இதுவே.

இந்த ஆற்றங்கரையில் சமணமும் நெடுங்காலம் வாழ்ந்தது. நெல்லையை அடுத்த மறுகால்தலைக் குகைத்தளத்தின் தமிழிக் கல்வெட்டும், சிங்கிகுளத்துக் குன்றின் மேலுள்ள தீர்த்தங்கரர் திருவுருவமும், கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகப் பொலியும் திருமேனிகளும் அதற்குச் சான்று கூறுவன. அத்தகைய மண்ணிலிருந்து, நம் காலத்தில், ஒரு நாயின் சாவைக் கதையின் தொடக்கமாகக் கொண்ட திரைப்படம் ஒன்று வெளிவந்தது. 2018 செப்டம்பர் 28 அன்று திரையிடப்பெற்ற 'பரியேறும் பெருமாள்' என்பதே அப்படம். அதனை இயக்கிய மாரி செல்வராஜ், தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தில் பிறந்தவர்.

அப்படத்தில் வரும் கருப்பி என்னும் நாயைக் கண்டு கண்ணீர் விட்டோர் பலர். தமிழர் கலையில் நாய்க்கு இடம் கிடைத்தது அதுவே முதன்முறை அன்று. 1,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாயின் உருவமும் பெயரும் தமிழகத்தில் கல்லில் ஏறின. அக்கல் தொடங்கித் திரை வரையில் நாயைக் கலைஞர்கள் எவ்வாறு கண்டனர், அவர்கள் கண்டதற்கும் சமணப் பெருங்காப்பியம் கண்டதற்கும் உள்ள வேறுபாடு யாது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

எடுத்தனூர் நடுகல்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தை ஒட்டிய பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை கவர வந்தோரை எதிர்த்து மாண்ட வீரர்க்குக் கல் நாட்டி வழிபடும் வழக்கம் அங்குச் செழித்திருந்தது. அப்பகுதியில் உள்ள எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரு கல் நடப்பெற்றது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர் துறந்தான் என்று அக்கல் கூறுகிறது.

வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதற்கெனத் தனியே ஒரு எழுத்துப் பொறிப்பும் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பது அதன் செய்தி. அரசன் பெயரும் வீரன் பெயரும் பொறித்த அதே கல்லில், அதே எழுத்தில், நாயின் பெயரும் இடம்பெற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது. அக்காலத்தில் எத்தனையோ மனிதர் பெயர் தெரியாமல் மறைந்தனர். கோவிவனின் பெயரோ இன்றும் படிக்கப்படுகிறது.

மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்து பின்னர்ச் சைவம் தழுவினான் என்பது மரபுவழிச் செய்தி. அவன் குடைவித்த கோயில்களைப் பற்றிப் பாடநூல்கள் விரிவாகக் கூறுகின்றன. அவன் ஆட்சியில் சிற்றூர்ச் சிற்பி ஒருவன் செதுக்கிய இந்த நாயைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. எளிய மக்களின் நன்றியுணர்வை அறிய விரும்புவோர்க்கு, அரசனின் குடைவரையைவிட இந்நடுகல்லே சிறந்த ஆவணம் எனலாம்.

ஆதகூரின் காளி

நாய்க்கென்று எழுந்த மற்றொரு புகழ்பெற்ற கல் கன்னட நாட்டில் உள்ளது. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த அக்கல்வெட்டு சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50 காலத்தைச் சார்ந்தது. இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. தமிழர் வரலாற்றோடும் அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் நிகழ்ந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியை அது கூறுகிறது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாக நின்று அப்போரில் வென்றவன் மேலைக் கங்க அரசன் இரண்டாம் பூதுகன்.

பூதுகனின் வீரருள் ஒருவன் மணலேரன். போரில் காட்டிய ஆற்றலுக்குப் பரிசாக யாது வேண்டும் என்று அரசன் வினவ, அவன் பொன்னையும் பொருளையும் விடுத்துக் காளி என்னும் அரசனின் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு குன்றின் அருகே பெரும் காட்டுப்பன்றி ஒன்றன் மீது காளியை ஏவினான். பன்றியும் நாயும் ஒன்றையொன்று தாக்கி இரண்டும் மாண்டன. அந்நாயின் நினைவாக ஆதகூர்க் கோயிலின் முன் கல் நாட்டப்பட்டது. அதன் வழிபாட்டுக்கு நிலமும் விடப்பட்டது. கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் பொருதும் காட்சி புடைப்புச் சிற்பமாக உள்ளது. அரசர் இருவரின் வெற்றிச் செய்தியைச் சுமக்கும் கல்லில், உருவமாகக் காட்டப்பெற்றது நாயே.

மேலைக் கங்கர் சமணத்தைப் போற்றிய மரபினர் என்பதைத் தமிழ்ச் சமணர் நன்கறிவர். இப்பூதுகனின் மகன் மாரசிம்மன் இறுதியில் சல்லேகனை நோற்று உடல் துறந்தான். அக்கங்கரின் அமைச்சராகிய சாமுண்டராயரே சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரரின் திருவுருவை எழுப்பியவர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நெறியை ஆதரித்த அரசமரபிலேயே, வேட்டையில் கொன்று மாண்ட நாய்க்குக் கல்லும் எழுந்தது. வரலாறு இத்தகைய முரண்களை ஒளிப்பதில்லை. அரசியலும் அறமும் ஒரே இல்லத்தில் வேறு வேறு அறைகளில் வாழ்ந்தன என்பதையே இது காட்டுகிறது.

நாலடியாரும் யசோதரரும்

கல்லில் நாயைச் செதுக்கியோர் அதன் வீரத்தையும் நன்றியையும் கண்டனர். சமண முனிவர் இயற்றிய நாலடியாரும் அவ்வாறே கண்டது. நட்பை ஆராயும் அதிகாரத்தில் யானையையும் நாயையும் அது ஒப்பிடுகிறது. நெடுநாள் பழகிய பாகனையும் யானை கொல்லும்; நாயோ, தன்மீது எறியப்பட்ட வேல் தன் உடலிலேயே நிற்க, எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும். ஆகவே யானை போன்ற பெருமையுடையோரின் நட்பைவிட நாய் போன்றோரின் நட்பே கொள்ளத்தக்கது என்பது முனிவரின் முடிபு. நாய் என்பது வசைச் சொல்லாகவே வழங்கிய உலகில், அதனை நட்பிற்கு உவமையாக்கினார் அவர். வேல் தைத்த உடலும் குழையும் வாலும் ஒரு சிற்பி செதுக்கத்தக்க காட்சியாகும்.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் நாயை வேறொரு கோணத்தில் காட்டும். யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்ட இயலாமல், மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். உயிரற்ற மாக்கோழியே ஆயினும், கொல்லும் எண்ணத்தோடு வெட்டியமையால் வினை சேர்ந்தது. இருவரும் நஞ்சுண்டு மடிந்தபின், மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்தனர். அரண்மனையில் அந்நாய் அம்மயிலைக் கடித்துக் கொன்றது. சினந்த அரசன் நாயை அடித்துக் கொன்றான். அவ்வரசனோ யசோதரனின் மகன். அடித்தவன் பேரன், அடிபட்டது அவனுடைய பாட்டி. இரண்டு உயிர்க்கும் அது தெரியாது.

இக்கதையைச் சோமதேவ சூரி வடமொழியில் 'யசத்திலகம்' என்னும் பெயரில் கி.பி. 959இல் நிறைவு செய்தார். ஆதகூர்க் கல்லில் வரும் அதே மூன்றாம் கிருட்டிணன் தமிழகத்து மேல்பாடியில் பாசறை கொண்டிருந்த காலம் அது என்று அந்நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. ஆக, காளியின் கல்லும் சந்திரமதியின் கதையும் பத்தாண்டு இடைவெளியில், ஒரே பேரரசின் நிழலில் தோன்றியவை. ஒன்று நாயின் வேட்டையைப் புகழ்ந்தது. மற்றொன்று, அந்த நாய் யாராக இருந்தது என்று கேட்டது.

யசோதரரின் வரலாறு பின்னர் ஓவியமாகவும் மலர்ந்தது. 15ஆம் நூற்றாண்டு முதலாக வட இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் திகம்பர இல்லறத்தார் ஓவியங்களோடு கூடிய யசோதர சரிதச் சுவடிகளை எழுதுவித்து, துறவியர்க்கும் நூற்பண்டாரங்களுக்கும் தானமாக அளித்தனர். மயிலும் நாயும் வரும் பிறவிக் காட்சிகள் அவற்றில் வண்ணத்தில் தீட்டப்பெற்றன. இந்திய ஓவிய வரலாற்றில் நாய் ஒரு கதைமாந்தராக இடம்பெறும் சிறந்த தொடர்களுள் இவையும் அடங்கும். வேட்டைக் காட்சிகளில் அரசனின் குதிரைக்கு அருகே ஓடும் துணையாக நாயை வரைவது எங்கும் உள்ள வழக்கம். முற்பிறவியும் மறுபிறவியும் உடைய உயிராக நாயை வரைந்தவை இச்சுவடிகள்.

சீவகன் கண்ட நாய்

இவற்றுக்கெல்லாம் சிகரமாக விளங்குவது சீவக சிந்தாமணியில் வரும் நாய். திருத்தக்கதேவர் அதனைக் குணமாலையார் இலம்பகத்தில் அமைத்துள்ளார். நகர மாந்தர் நீர்விளையாட்டு விழாவுக்குத் திரண்டு செல்கின்றனர். அங்கே அந்தணர்க்கென வைத்திருந்த உணவை ஒரு நாய் தீண்டிவிடுகிறது. உணவு தூய்மை கெட்டது என்று வெகுண்ட அவர்கள் அதனை அடித்து வீழ்த்துகின்றனர். உயிர் ஊசலாடும் வேளையில் சீவகன் அங்கு வருகிறான். அருகமர்ந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் அம்மந்திரத்தைக் கேட்டவாறே உடல் நீங்கி, சுதஞ்சணன் என்னும் இயக்கனாகத் தோன்றுகிறது.

சுதஞ்சணன் நன்றி மறக்கவில்லை. உடனே திரும்பி வந்து சீவகனைப் போற்றுகிறான். பிற்பாடு கட்டியங்காரன் சீவகனைக் கொல்லப் பணித்தபோது, காற்றும் மழையும் எழுப்பி அவனை மீட்டுச் செல்பவனும் அவனே. நாயின் காதில் சொன்ன சொல், காப்பியத் தலைவனின் உயிரைக் காத்தது.

நடுகற்களில் உள்ள நாய்களோடு இந்நாயை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். கோவிவன் கள்ளரைக் கடித்தது, அதனால் கல்லேறியது. காளி பன்றியைக் கொன்றது, அதனால் கல்லேறியது. இரண்டும் தலைவனுக்குப் பயன்பட்டவை. சிந்தாமணி நாயோ யாருக்கும் எதுவும் செய்யவில்லை. அதற்குத் தலைவன் இல்லை. காவியத்தில் பெயரும் இல்லை. பசித்தது, உணவைத் தீண்டியது, அடிபட்டது. அவ்வளவே அதன் வரலாறு. ஆயினும் இளவரசன் ஒருவன் அதனருகே அமர்ந்தான். உதவி பெறுவதற்கு அந்த உயிர் காட்ட வேண்டிய தகுதி, அது உயிர் என்பதொன்றே. சமணம் உலகுக்கு வழங்கிய கருணையின் இலக்கணம் இதுதான்.

வாதீபசிம்மரின் வடமொழி நூல்களான கத்திய சிந்தாமணியிலும் சத்திர சூடாமணியிலும் இந்நிகழ்ச்சி உண்டு. தமிழில் 1887ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார். குடந்தையில் வாழ்ந்த சமணப் பெருமக்களின் இல்லங்களுக்குச் சென்று ஐயங்களைத் தெளிந்தே அவர் அப்பணியை முடித்தார் என்பது அனைவரும் அறிந்தது. அவ்வில்லங்களில் சிந்தாமணியைப் பக்தியோடு படிக்கும் மரபு அறுபடாமல் இருந்தமையால்தான், அடிபட்ட அந்த நாயின் கதையும் தமிழுலகுக்குப் பொருள் விளங்கக் கிடைத்தது.

கழுகுமலை கூறும் சான்று

இறக்கும் விலங்கின் செவியில் மந்திரம் ஓதும் இக்கருத்து, தாமிரபரணி நாட்டை அடுத்த கழுகுமலையில் கல்லாகவே நிற்கிறது. பார்சுவநாதர் இளமையில், தவசி ஒருவன் மூட்டிய தீயில் எரிந்த கட்டைக்குள் பாம்பு தவிப்பதைக் கண்டு, அதனை வெளிக்கொணர்ந்து மந்திரம் செவியுறச் செய்தார். அப்பாம்பே தரணேந்திரனாகப் பிறந்தது. பின்னாளில் கமடன் பாறையை வீசிப் பகவானைத் தாக்க முனைந்தபோது, தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான். பாண்டியர் காலத்து 8ஆம் நூற்றாண்டுச் சிற்பத் தொகுதியாகிய கழுகுமலையில், பாறை ஏந்திய கமடனும் படம் விரித்த தரணேந்திரனும் பகவானின் அருகே காணப்பெறுகின்றனர்.

அங்கேயே அம்பிகா யட்சியின் அருகில் நிற்கும் சிங்கமும் முற்பிறவியில் அவளுடைய கணவன் என்பது புராண மரபு. நச்சுப் பாம்பும் கொடிய சிங்கமும் தீர்த்தங்கரர் சன்னிதியில் இடம்பெற்றன. தெருநாய்க்குச் சொல்லில் கிடைத்த இடமும் இவற்றுக்குக் கல்லில் கிடைத்த இடமும் ஒரே நம்பிக்கையின் இரு வெளிப்பாடுகள். நாய்க்கும் சமணச் சிற்பத்தில் இடம் இல்லாமல் இல்லை. கோயில் எல்லையைக் காக்கும் க்ஷேத்திரபாலரின் ஊர்தியாகவோ துணையாகவோ அதனைச் சிற்பிகள் அமைத்துள்ளனர்.

உலகின் பிற நெறிகளும் நாயை முற்றிலும் ஒதுக்கவில்லை. மகாபாரதத்தின் இறுதியில் தருமன், தன்னைப் பின்தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுக்கிறான். கத்தோலிக்க ஓவியங்களில், கொள்ளைநோயுற்று ஒதுங்கிக் கிடந்த புனித ரோக்கு என்பவருக்கு உணவு கொணர்ந்த நாய் அவரது காலடியில் எப்போதும் காட்டப்படுகிறது. நோயுற்றவனை மனிதர் கைவிட்டபோது நாய் கைவிடவில்லை என்பது அதன் பொருள்.

அசையும் படத்தில் நாய்

திரைக்கலை பிறந்த நாளிலேயே நாயும் திரைக்கு வந்துவிட்டது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்களுள் முதலாவது, தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறும் காட்சி. அக்கூட்டத்தின் நடுவே ஒரு நாயும் துள்ளித் திரிகிறது. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1905இல், இங்கிலாந்தின் செசில் ஹெப்வொர்த் எடுத்த 'ரோவர் மீட்ட குழந்தை' என்னும் பொருள்படும் படத்தில், கடத்தப்பட்ட குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்கும் தலைமைப் பாத்திரமே நாய்தான். ஹெப்வொர்த் வீட்டு நாயே அதில் நடித்தது.

தமிழ் இல்லங்கள் திரையில் நாயைக் காணுமுன்பே இசைத்தட்டில் கண்டன. கிராமபோன் குழலின் முன் தலைசாய்த்து அமர்ந்திருக்கும் எச்.எம்.வி. நாயை அறியாத முதியோர் இலர். அதன் பெயர் நிப்பர். இங்கிலாந்தில் வாழ்ந்த அந்நாயை, அது இறந்தபின் நினைவிலிருந்து தீட்டியவர் பிரான்சிஸ் பராட் என்னும் ஓவியர். எசமானரின் குரலைக் கேட்கும் நாய் என்பதே அவ்வோவியத்தின் கருத்து. தியாகராச பாகவதரின் பாட்டையும் நாதசுரத்தையும் கேட்ட எத்தனையோ பேர், அந்த வட்டத் தட்டில் சுழன்ற நாயைப் பார்த்தவாறே கேட்டனர். சப்பானில், இறந்துபோன தலைவருக்காக ஆண்டுக்கணக்கில் தொடர்வண்டி நிலையத்தில் காத்திருந்த ஹச்சிகோ என்னும் நாய்க்கு 1934இல் சிலை எழுந்தது. பின்னர் அது திரைப்படமாகவும் வந்தது.

இந்தியாவில், கொலையுண்ட தலைவனுக்காகப் பழிவாங்கும் நாயை 1985இல் வெளிவந்த 'தேரி மெஹர்பானியான்' என்னும் இந்திப்படம் காட்டியது. 2022இல் கன்னடத்தில் எடுக்கப்பெற்றுத் தமிழிலும் வெளியான '777 சார்லி', தனிமையில் வாடும் ஒருவனுக்கு வாழ்வின் பொருளை உணர்த்தும் நாயைக் காட்டியது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கென வெளியிட்ட தபால்தலைகளுள் இராசபாளையம் நாய்க்கும் ஓர் இடம் கிடைத்தது. இவையனைத்திலும் பெரும்பாலும் நன்றி, காவல், அழகு ஆகியவையே நாயின் பெருமைகள். எடுத்தனூர்ச் சிற்பி கண்டதையே இவர்களும் கண்டனர் எனலாம்.

கருப்பி

'பரியேறும் பெருமாள்' இவ்வரிசையிலிருந்து விலகி நிற்கிறது. கருப்பி, தென்மாவட்டங்களுக்குரிய சிப்பிப்பாறை இனத்து வேட்டை நாய். பரியனும் அவன் நண்பர்களும் தத்தம் நாய்களோடு வேட்டைக்குச் சென்று திரும்பும் வழியில் குட்டை ஒன்றில் இறங்குகின்றனர். மேல்சாதியினர் எனத் தம்மைக் கருதும் சிலர் வருவதைக் கண்டு விலகிச் செல்கின்றனர். வந்தவர்கள் அந்நீரை இழிவுபடுத்துகின்றனர். அத்தோடு நில்லாமல், பரியனின் நாயைப் பிடித்துத் தண்டவாளத்தில் கட்டிவிடுகின்றனர். ஓடிவரும் பரியனின் கண்ணெதிரே தொடர்வண்டி கடந்து செல்கிறது. பின்னர் மனிதருக்குச் செய்வதுபோலவே ஊரார் கருப்பிக்கு இறுதிச் சடங்கு செய்கின்றனர். சந்தோஷ் நாராயணன் இசையில் அமைந்த கருப்பி பாடல் ஓர் ஒப்பாரியாகவே ஒலிக்கிறது.

சிந்தாமணியை அறிந்தவர் இக்காட்சியைக் கண்டு திடுக்குறுவர். அங்கே நாய் தீண்டியதால் உணவு தீட்டாயிற்று, நாய் அடிபட்டது. இங்கே மனிதன் இறங்கியதால் நீர் தீட்டாயிற்று. அவனுக்குப் பதிலாக அவன் நாய் மாண்டது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில், தூய்மை என்னும் பெயரால் எழுந்த அதே சினம், அதே வாயில்லா உயிரின் மீது இறங்கியது. தொடர்ச்சி இதோடும் முடியவில்லை. படத்தின் பிற்பகுதியில் பரியனைத் தாக்கித் தண்டவாளத்தில் கிடத்துகின்றனர். அப்போது நீல வண்ணத்தில் கருப்பி தோன்றி அவனை எழுப்புகிறது. மாண்ட நாய் மேலான உருவில் மீண்டு வந்து தலைவனைக் காப்பது, சுதஞ்சணன் சீவகனைக் காத்ததையே நினைவூட்டும். இரு கலைஞரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அநீதியாகக் கொல்லப்பட்ட உயிரின் கணக்கு அத்தோடு தீர்வதில்லை என்னும் உணர்வு, இம்மண்ணில் ஆழ வேரூன்றியிருக்கிறது.

வேட்டை நாய் ஒன்றிற்குச் சமணர் இரங்குவது பொருந்துமா என்று சிலர் வினவலாம். வேட்டை கொலையே, அதில் ஐயமில்லை. எனினும் சந்திரமதியாகிய நாயும் மயிலைக் கொன்றதே; காவியம் அதற்காக நாயை வெறுக்கச் சொல்லவில்லை. வினையின் பிடியில் சிக்கித் தவிக்கும் உயிராகவே காட்டி இரங்கச் செய்தது. பாவமற்ற உயிர்க்கே கருணை என்றால், கருணை பெறத்தக்க உயிர் உலகில் ஒன்றும் எஞ்சாது.

கலைக்குப் பின்னுள்ள உயிர்

கல்லில் செதுக்கிய நாய்க்கு வலி இல்லை. திரையில் நடிக்கும் நாயோ உயிருள்ளது. கூச்சலும் விளக்கொளியும் நெரிசலும் அதனை வருத்தும். ஆகவேதான் விலங்குகளைப் படப்பிடிப்பில் பயன்படுத்துவதற்கு 2001ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டு, இந்திய விலங்கு நல வாரியத்தின் ஒப்புதல் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாரியம் 1962இல் அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவர், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியக் கலைஞர் என்றே பலரும் அறிந்த அவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிவகுத்தது. கலையும் கருணையும் ஒருவரிடத்தே இணைந்ததன் பயன் அது.

சட்டம் திரையரங்கின் உள்ளே நாயைக் காக்கிறது. வெளியே உள்ள நாயைக் காப்பது மக்களின் மனம். திரையில் கருப்பிக்காக அழுதவர், வீடு திரும்பும் வழியில் படுத்திருக்கும் நாயின்மீது கல்லெறிவதைக் காண்கிறோம். வெறிநாய்க்கடி கொடிய நோய் என்பதும், குழந்தைகளும் முதியோரும் தெருவில் அஞ்சி நடக்கின்றனர் என்பதும் மறுக்க இயலாத உண்மைகள். அதற்குரிய வழி தடுப்பூசியும் கருத்தடையும் முறையான பராமரிப்புமே. அடித்தும் நஞ்சிட்டும் கொல்வது நோயையும் தீர்க்காது, அச்சத்தையும் தீர்க்காது, வினையை மட்டும் பெருக்கும்.

பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நன்னாளைத் தீபாவளியாகத் தமிழ்ச் சமணர் கொண்டாடுகின்றனர். விளக்கேற்றி வழிபடும் அவ்விரவில், வெடியோசைக்கு அஞ்சித் தெருநாய்கள் வாகனங்களுக்கு அடியிலும் சாக்கடை ஓரத்திலும் பதுங்கி நடுங்குகின்றன. மனிதரைவிடப் பன்மடங்கு கூர்மையான செவி அவற்றுக்கு. சீவகன் மந்திரம் ஓதியதும் ஒரு நாயின் செவியில்தான். அச்செவியில் வெடியைக் கொளுத்துவதா, ஓசையின்றி ஒரு விளக்கை ஏற்றுவதா என்பது ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கோவிவனைச் செதுக்கிய சிற்பியின் பெயர் எவருக்கும் தெரியாது. நாயின் பெயர் நிலைத்துவிட்டது. கருப்பியின் பெயரும் தமிழ்த் திரை வரலாற்றில் நிலைக்கும். சிந்தாமணி நாய்க்குப் பெயர் இல்லை. ஆனால் அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் இல்லங்கள் இன்னும் இருக்கின்றன. குனிந்து அமர்ந்த இளவரசனும், அவன் மடியருகே தலைசாய்த்த நாயும், அதன் செவிக்கு நெருங்கிய உதடுகளுமாக அக்காட்சியை ஜிநாலயச் சுவர்களிலும் பிள்ளைகளின் ஓவியப் போட்டிகளிலும் தீட்டச் செய்யலாம். அப்படத்தைப் பார்த்து வளரும் குழந்தை, தெருவில் கல்லை எடுக்கக் குனியுமுன் ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணத் தயக்கமே அறத்தின் தொடக்கம்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க.